நாலு காலி டியூப்

மின்சாரம் நின்றபோது மணி பதினொன்று பதினேழு.

அந்தோணிராஜ் அதை நோட்டில் எழுதி வைத்திருந்தார். 1996 ஏப்ரல், கடைசிப் புதன்கிழமை. ‘11.17 முதல் 11.37 வரை கரண்ட் இல்லை. பம்ப் நின்றது. டியூப் கலெக்டர் ஓடியது.’ மூன்றே வாக்கியம். அதற்குக் கீழே நஸ்ரியாவின் கையெழுத்தில் ஒரு கூட்டல் குறியும் ஓர் எண்ணும். +4.

மூன்று வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அவள் அந்தப் பக்கத்தை ஏழாவது தடவையாகப் படித்தாள். எழுத்து மாறவில்லை.

பத்து நிமிடத்துக்கு முன்புவரை எல்லாம் சரியாக இருந்தது. நீலச் சாயத்தில் இரவெல்லாம் ஊறிய, மருந்தின் புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லைக் காலையில் வந்ததும் எடுத்து, புளித்த வாடையடிக்கும் கரைசலில் போட்டிருந்தாள். சாயம் கழன்று ஜெல் தெளிவதற்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். தெளிந்ததும் தூக்கி வெளிச்சப் பெட்டிமேல் வைத்தாள். மேலே ஒரு நீலப் புகை. அது இருக்க வேண்டியது. கீழே ஒரு கோடு. அது இருக்கக் கூடாதது. கத்தியால் கீறினாற்போல அத்தனை தெளிவாக இருந்தது.

அவள் வேலை பார்த்த லேப் பெரியநாயக்கன்பாளையத்தில், பம்ப் செட் பட்டறைகளுக்கு நடுவே இருந்தது. நான்கே பேர் வேலை. அங்கே ஒரே ஒரு மருந்து செய்தார்கள். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுக்கிற புரதம் அது. நல்ல மருந்துதான். ஆனால் கிருமியிலிருந்து எடுப்பது. சில குழந்தைகளின் உடம்பு அதை ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்காது. அடுத்த தடவை ஊசி ஏறும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும். அதற்காக அந்தப் புரதத்தின்மேல் நீளநீளமான பாலிமர் இழைகளை ஒட்டி மூடிவிடுவார்கள். உடம்புக்கு அடையாளம் தெரியாது. அந்தோணிராஜ் அதைச் ‘சட்டை போட்டது’ என்பார். ஒட்டாமல் தப்பிவிடுவது ‘சட்டை போடாதது’. லேப் முழுக்க அதே பேச்சாகிவிட்டது.

இரண்டையும் பிரிக்க ஓர் ஆள் உயரக் கண்ணாடித் தூண் இருந்தது. உள்ளே பொடிமணிகள். மேலே கலவையை விட்டால் பருத்தது முதலில் கீழே வரும், மெலிந்தது பின்னால் வரும். கீழே, கலெக்டர் என்று அவர்கள் சொல்லும் வட்டத் தட்டில் எண்பது டியூப்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு டியூப் என்று தட்டு நகர்ந்துகொண்டே இருக்கும். சட்டை போட்டது எப்போதும் முப்பத்தொன்றிலிருந்து முப்பத்தெட்டு வரை. சட்டை போடாதது அதற்கப்புறம். முதல் இரண்டு தடவை எண்பது டியூபையும் ஒவ்வொன்றாக அளந்து பார்த்தார்கள். எண் மாறவே இல்லை. பிறகு அளப்பதை விட்டுவிட்டார்கள். 31–38 என்று ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள்.

மார்ச் மாதம் சிங்காநல்லூரிலிருந்து ஓர் எலக்ட்ரீஷியன் வந்து யூ.பி.எஸ். மாட்டினார். ஒரு சாமானுக்குத்தான் தாங்கும் என்றார். சுற்றுகிற தட்டைப் பார்த்து, இதுதான் முக்கியம் போல என்று அதில் மாட்டிவிட்டுப் போனார். தூணுக்குள் கரைசலைத் தள்ளும் பம்ப்பை யாரும் யோசிக்கவில்லை. ஆகவே அந்தப் புதன்கிழமை இருபது நிமிடம் தூணிலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை. தட்டு மட்டும் நகர்ந்தது. இருபது நிமிடத்துக்கு நாலு டியூப்.

மறுநாள் அந்தோணிராஜ் லீவு. மகள் முதல்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை, மாதா கோவிலில் ஒத்திகை. நஸ்ரியா தனியாக நோட்டைப் படித்தாள். நாலு டியூப் தள்ளிப் போயிருக்கும் என்று கணக்குப் போட்டாள். முப்பத்தைந்திலிருந்து நாற்பத்திரண்டு வரை எடுத்துக் கலந்தாள். கணக்கு சரி. தன்னை மெச்சிக்கொண்டதும் நினைவிருந்தது.

இப்போது அவள் எழுந்து குளிர்ப்பெட்டியைத் திறந்தாள். மிச்ச டியூப்கள் அதே தட்டில் இருந்தன. பேட்ச் முடிகிறவரை எறிவதில்லை. அவள் தேடியது காலி டியூப்களை. மின்சாரம் இல்லாத நேரத்தில் நகர்ந்த நாலு. ஒன்றிலிருந்து பார்த்துக்கொண்டே போனாள். ஒன்றுகூடக் காலியாக இல்லை.

“அண்ணா,” என்றாள். “அந்தோணியண்ணா.”

அந்தோணிராஜ் வாசலில் மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியோடு வந்தார்.

“ஏனுங்க அம்மணி, பேயைப் பாத்தாப்ல நிக்கறீங்க?”

“கரண்ட் போன அன்னைக்கு நாலு டியூப் காலியா இருந்திருக்கணுமே. எங்கங்கண்ணா?”

“அதுங்களா. எடுத்துப்போட்டேன்.”

“எடுத்துட்டு?”

“எடுத்துட்டு என்ன, கழுவி வெச்சுட்டேன். காலி டியூபை வெச்சுட்டு பூஜையா பண்றது?”

“நம்பருங்கண்ணா. மூடியில நம்பரு.”

“அதையும் புதுசா எழுதி ஒட்டிப்போட்டேன். நடுவால நாலு நம்பர் இல்லாமப் போனா நீங்க கொழம்பிக்குவீங்கன்னுதான். வரிசையா இருந்தாத்தானே உங்களுக்கு வேலை சுளுவு?”

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். சொல்லி முடித்ததும் அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

“நானும் நாலு தள்ளினேண்ணா.”

அவர் துணியை மேசைமேல் வைத்தார். சுவர் அட்டையைப் பார்த்தார். விரல்விட்டு எண்ணினார். அவருக்குப் படிப்பு பத்தாவதுதான். ஆனால் பன்னிரண்டு வருடமாகத் தூண் ஓட்டுகிறவர். எண்ணி முடிக்க நேரம் ஆகவில்லை.

“மாதாவே,” என்றார். “அப்போ பாதி சட்டை போடாதது.”

இரண்டு பேரும் திருத்தியிருந்தார்கள். ஒருவர் திருத்தியிருந்தால் போதும்.

மருந்து கலந்ததும் அதன் வேகத்தைச் சோதிப்பார்கள். அன்று நஸ்ரியாவும் சோதித்தாள். வழக்கத்தைவிட அதிகமாகவே வேலை செய்தது. முதலாளி பாலகோபால் தோளைத் தட்டினார். ‘இதுவரைக்கும் வந்ததுலயே இதுதாம்மா பெஸ்ட்.’ சட்டை இல்லாத புரதம் எப்போதுமே வேகமாக வேலை செய்யும். அது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். சந்தோஷத்தில் தோன்றவில்லை. ஜெல் ஓட்டியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ஜெல்லுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி புகைந்துபோய் ரிப்பேருக்குப் போயிருந்தது. நேற்று மதியம்தான் திரும்பி வந்தது. அதற்குள் மருந்தில் கிருமி இல்லை என்ற பதினான்கு நாள் சோதனை முடிந்து, தாள்களில் கையெழுத்தும் ஆகிவிட்டது. ஃபைலுக்கு ஒரு படம் வேண்டுமே என்றுதான் ஜெல் ஓட்டினாள்.

இன்று காலை ஏழரைக்கு கிளாடிஸ் வந்து இரண்டு குப்பிகளை வாங்கிப் போனாள். ரத்தப் புற்றுநோய் வந்த ஜெஃபின் என்ற பையனின் அம்மா. டீச்சர். பள்ளிக்கூடம் லீவு என்பதால் அவளே வந்தாள். சிவப்பு ஃபிளாஸ்க் கொண்டுவந்திருந்தாள். நஸ்ரியாதான் ஐஸ் போட்டு, குப்பிகளைப் பஞ்சில் சுற்றி, உள்ளே இறக்கி மூடினாள். பக்கத்து மேசையில் ஜெல் இன்னும் தெளியாமல் நீலமாகவே ஊறிக்கொண்டிருந்தது.

“மொதல் ஊசிக்கு டெஸ்ட் டோஸ் போட்டு ஒரு மணி நேரம் பாத்தாங்க,” என்றாள் கிளாடிஸ். “ஒண்ணும் ஆகலையில்ல, இந்த வாட்டி நேரா போட்டுரலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. பத்து மணிக்கு.”

“பயப்படறானுங்களா?”

“அவனா? நரம்புல மெதுவா ஏத்துவாங்களா, நூறு எண்ணி முடிக்கறதுக்குள்ள முடிஞ்சுரும்னு சொல்லி வெச்சிருக்கேன். சத்தமா எண்ணுவான். நர்ஸ் மேசைக்கு அடுத்த கட்டில். போன வாட்டி வார்டே கூடச் சேர்ந்து எண்ணுச்சுங்க.” சிரித்தாள். பிறகு சிரிப்பு மாறியது. “அதுக்கு முந்தி, அந்தப் பழைய மருந்து போட்டப்போ, பதினாலோட நின்னுட்டான். உதடெல்லாம் நீலமாயிருச்சு. பொழைச்சதே பெரிசு. இது வேற மருந்துதானுங்களே?”

“வேறதாங்க,” என்றாள் நஸ்ரியா.

பழைய மருந்துதான் சட்டை போடாதது.

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது பன்னிரண்டு. நஸ்ரியா கை கழுவப் போனாள். சோப்புப் போட்டாள். மறுபடி போட்டாள். ஜெல்லில் வரிசை மாறியிருக்குமோ. ஒப்பிட்டுப் பார்க்க வைத்த பழைய மருந்தை இந்தக் குழியில் விட்டிருப்பாளோ. போய்ப் பார்த்தாள். வரிசை சரியாக இருந்தது. பழையது அதன் இடத்தில் தனிக் கோடாக நின்றது. இந்தக் கோடும் அதே உயரம். மறுபடி கை கழுவினாள். பொய்யாக இருக்க ஒரு வழி தேடினாள். எல்லா வழியும் அந்தக் கூட்டல் குறியில் வந்து நின்றன.

எட்டு நிமிடம் அப்படிப் போயிற்று.

“போன் பண்ணணும்,” என்றாள்.

ஆபீஸ் போன் ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தது. பெட்டிக்குப் பூட்டு. சாவி பாலகோபாலின் கொத்தில். பாலகோபால் மெட்ராஸ் ரயிலில்.

“சார் வரட்டுங்களே அம்மணி,” என்றார் அந்தோணிராஜ். “மத்தியானம் மெட்ராஸ்ல எறங்குனதும் அவரே கூப்பிடுவாரு. அவருகிட்டச் சொல்லி, அவரு டாக்டர்கிட்டச் சொல்லி...”

“ஊசி பத்து மணிக்குங்கண்ணா.”

“தெரியுது. ஆனா நாம சொன்னா என்னன்னு சொல்றது? நாந்தான் நம்பர் மாத்தினேன், நோட்டுல எழுதலைன்னா? போலீஸ் வந்தா? எனக்கு மூணு புள்ளைங்க.” அவர் குரல் இறங்கியது. “உங்களுக்குந்தான். கையெழுத்து உங்களுது.”

அவர் சொன்னது எதுவும் பொய்யில்லை. அவர் துணியை எடுத்தார், வைத்தார். பிறகு வெளியே போனார். மொபெட் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

“எங்கண்ணா?”

“ஆஸ்பத்திரிக்குத்தான். வேறெங்க போறது? இந்த வண்டியில கவுண்டம்பாளையம் தாண்டவே அரை மணி ஆவும். நீங்க பூத்துக்கு ஓடுங்க.”

மெயின் ரோட்டில், பேக்கரிக்குப் பக்கத்தில், கோபாலசாமியின் எஸ்.டி.டி. பூத். ஒரு கால் சூம்பியவர். கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் ஓடிவந்த வேகத்தைப் பார்த்து பேப்பரை இறக்கினார்.

“மெதுவா, மெதுவா. போன் எங்கயும் ஓடிராது.”

ஒன்பது முப்பத்திரண்டு. எண்ணைச் சுற்றினாள். ஆஸ்பத்திரி ஆபரேட்டர் எடுத்தாள். குழந்தைகள் வார்டு என்றதும் இணைத்தாள். இரண்டே தடவை மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். பெண் குரல், அவசரமான குரல்.

“யாரு பேசறது?”

“லேப்புல இருந்துங்க. பெரியநாயக்கன்பாளையம்.”

“லேப்புல யாரு? பேரைச் சொல்லுங்க. எழுதிக்கணும்.”

நஸ்ரியா வாயைத் திறந்தாள். எழுதிக்கொள்வார்கள். பேர், நேரம், என்ன சொன்னாள் என்பது. ஒரு நோட்டில், அவள் கையெழுத்தைப் போலவே அழியாத ஒன்றாக. உக்கடத்தில் வீட்டு வாசலில் ஜீப் வந்து நிற்பதையும், அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வருவதையும் பார்த்தாள்.

ரிசீவரை வைத்துவிட்டாள்.

வைத்தது கை. அவள் இல்லை என்று சொல்லலாம். யாரிடம் சொல்வது.

கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது. அதற்குப் பின்னால் மேட்டுப்பாளையம் பஸ் ஒன்று போயிற்று. மூச்சை இழுத்துவிட்டு மறுபடி சுற்றினாள்.

எங்கேஜ்.

மறுபடி. எங்கேஜ். ஒன்பது முப்பத்தேழு. ஒன்பது நாற்பது. கடைசி எண்ணுக்கு முன்பே அந்தச் சத்தம் வந்துவிட்டது. விரல் வழுக்கித் தப்பு நம்பர் ஒன்று விழுந்தது. ஏதோ அரிசிக்கடை. மன்னிப்புக் கேட்காமல் வைத்தாள்.

“மாப்ள ஊட்டு நம்பரா அம்மணி?” என்றார் கோபாலசாமி. “இந்த நடுக்கம் நடுங்கறீங்க.”

அவள் திரும்பினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

“தப்பாச் சொல்லிப்போட்டேன் கண்ணு. நீ சுத்து.”

எழுந்து வந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். உள்ளே காற்று வரட்டும் என்று.

ஒன்பது நாற்பத்தொன்பது. எங்கேஜ். அந்தோணிராஜ் இந்நேரம் துடியலூர் தாண்டியிருப்பார். ரயில்வே கேட் திறந்திருந்தால். அவள் உதடுகள் தானாக அசைந்தன. துவாவில் பாதி வார்த்தை மறந்துபோயிருந்தது. சிறுவயதிலிருந்து தினம் சொல்வது.

ஒன்பது ஐம்பத்தொன்பதுக்கு ஆபரேட்டர் கிடைத்தாள். வார்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பத்துத் தடவை, பதினொரு தடவை. பிறகு ஓர் ஆண் குரல், சாவகாசமாக.

“வார்டுங்க.”

“நஸ்ரியா பேசறேன். பெரியநாயக்கன்பாளையம் லேப். ஜெஃபின்னு ஒரு பையன், நர்ஸ் மேசைக்குப் பக்கத்துக் கட்டில். அவனுக்கு ஊசி போட வேண்டாம்னு சொல்லுங்க. இப்பவே.”

“சிஸ்டரும் டாக்டரும் பெட்டுகிட்ட இருக்காங்க. எந்த ஊசிங்க? இங்க நாளெல்லாம் ஊசிதான்.”

“ஃபிளாஸ்க்குல வந்தது. சிவப்பு ஃபிளாஸ்க்கு. அதுல பழைய மருந்து கலந்திருக்குது. தப்பு என்னோடது. நஸ்ரியான்னு பேரைச் சொல்லுங்க. எழுதிக்கங்க, பரவால்ல. ஊசியை மட்டும் நிறுத்துங்க.”

“ஏனுங்க, கொஞ்சம் இருங்க. பாத்துட்டு வாரேன்.”

ரிசீவரை மேசைமேல் வைக்கிற சத்தம் காதில் இடித்தது. ரப்பர் செருப்புச் சத்தம் ஒன்று, அவசரமே இல்லாமல், நகர்ந்தது.

பிறகு வார்டின் சத்தம் கேட்டது. ஒரு மின்விசிறி கடகடத்தது. எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது. அதற்குமேல், பக்கத்தில், தெளிவாக, ஒரு பையனின் குரல். அவனோடு சேர்ந்து பத்துப் பதினைந்து குரல்கள்.

“நாப்பத்தஞ்சு. நாப்பத்தாறு. நாப்பத்தேழு.”

“சிஸ்டர்!” என்று கத்தினாள் நஸ்ரியா. “டாக்டர்! நிறுத்துங்க!”

கோபாலசாமி கதவைப் பிடித்தபடியே நின்றார். பேக்கரி வாசலில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“அம்பது!” வார்டே கை தட்டியது. “அம்பத்தொண்ணு. அம்பத்திரெண்டு.”

பாதி மருந்து ஏறியிருக்கும். அந்தப் பாதியில் பாதி சட்டை போடாதது. அவள் மனம் கணக்குப் போட்டது. நிறுத்த முடியவில்லை. செருப்புச் சத்தத்தைத் தேடினாள். எண்ணுகிற சத்தத்தில் அது மூழ்கிவிட்டது. அந்த ஆள் கட்டில்வரை போய்விட்டாரா, வழியில் யாரிடமாவது பேசிக்கொண்டு நிற்கிறாரா, தெரியவில்லை. எத்தனை அடி தூரம் இருக்கும். அடுத்த கட்டில்தானே.

“அறுபத்திமூணு. அறுபத்திநாலு.” பையன் மற்றவர்களைவிடச் சற்று முன்னால் ஓடினான். “அறுபத்தஞ்சு. அறுபத்தாறு.”

எட்டு நிமிடம். கை கழுவிய எட்டு நிமிடம். பேர் கேட்டதும் வைத்த ரிசீவர்.

“அறுபத்தேழு.”

நின்றது.

கூட எண்ணியவர்கள் ‘அறுபத்...’ என்று ஆரம்பித்து, தனியாக விடப்பட்டதுபோல ஒவ்வொருவராக ஓய்ந்தார்கள். விசிறி மட்டும் கடகடத்தது. யாரோ ஊசியைப் பிடுங்கியதால் நின்றானா, தானாகவே நின்றானா என்று அந்தச் சத்தத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் ரிசீவரைக் காதோடு அழுத்தினாள். மறு காதைப் பொத்தினாள்.

“ஜெஃபின்,” என்றாள், யாரும் கேட்காத போனில். “அறுபத்தெட்டு. சொல்லு கண்ணு. அறுபத்தெட்டு.”